பன்றிக்குட்டியின் இரத்தசோகை: மண் தரையிலிருந்து இரும்பு ஊசி வரை

பிறந்த சில நாட்களுக்குள் ஒவ்வொரு பன்றிக்குட்டிக்கும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பை ஊசி வழியாகச் செலுத்துவது இன்று உலகெங்கும் கொட்டில்முறைப் பன்றிப் பண்ணைகளின் வழக்கம். தமிழ்நாட்டில் வெண்பன்றி வளர்ப்போருக்கான வழிகாட்டிகளிலும் இந்த ஊசி இடம்பெறுகிறது. கன்றுக்கோ ஆட்டுக்குட்டிக்கோ இப்படி ஒரு ஊசியை யாரும் வழக்கமாகப் போடுவதில்லை. மண்ணில் பிறந்து மண்ணைக் கிளறி வளரும் பன்றிக்குட்டிக்கும் பொதுவாக அது தேவைப்பட்டதில்லை. பன்றியின் காலடியிலிருந்து மண்ணை அகற்றிய பிறகே இரும்புக் குறைபாடு ஒரு பெரும் பண்ணை நோயாக உருவெடுத்தது. அந்தக் காரணத்தைக் கண்டறியச் சில பத்தாண்டுகள் பிடித்தன.

பாலில் இல்லாத இரும்பு

பன்றிக்குட்டி பிறக்கும்போது அதன் உடலில் சுமார் 50 மில்லிகிராம் இரும்பு இருக்கும். இதில் பெரும்பகுதி இரத்தத்தின் ஈமோகுளோபினிலேயே அடங்கிவிடுவதால், கல்லீரலில் சேமிப்பாக இருப்பது மிகக் குறைவு. ஒன்றரைக் கிலோ எடையில் பிறக்கும் குட்டி ஒரு வாரத்தில் எடையை இரட்டிப்பாக்கி, மூன்று வாரத்தில் ஐந்து கிலோவைத் தாண்டிவிடும். வேறு பண்ணை விலங்குகளின் குட்டிகள் இந்த வேகத்தில் வளர்வதில்லை. உடல் பெருக்கும்போது இரத்தமும் பெருக வேண்டும். இரத்தம் பெருக இரும்பு வேண்டும்.

இந்தக் கணக்கைத் துல்லியமாகப் போட்டவர்கள் வென், மெக்கான்ஸ், விட்டோசன் ஆகிய மூவர். பன்றிக்குட்டி இரத்தசோகை பற்றிய அவர்களுடைய ஆய்வு 1947இல் வெளிவந்தது. மெக்கான்ஸும் எல்சி விட்டோசனும் மனித உணவுகளின் சத்து அட்டவணைகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற அதே இணைதான். ஒரு கிலோ எடை கூடுவதற்குக் குட்டி சுமார் 21 மில்லிகிராம் இரும்பை உடலில் தக்கவைக்க வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பதோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம். மூன்று வாரத்தில் 4 கிலோ கூடும் குட்டிக்கு 84 மில்லிகிராம் தேவை. பால் தருவது 21 மில்லிகிராம். மீதி வேறெங்கிருந்தாவது வர வேண்டும்.

காட்டுப்பன்றிக் குட்டிக்கு அது மண்ணிலிருந்து வருகிறது. பிறந்த சில நாட்களிலேயே மூக்கால் நிலத்தைக் கிளறத் தொடங்கும் குட்டி, வேரோடும் புழுவோடும் மண்ணையும் விழுங்குகிறது. மண்ணில் இரும்பு தாராளமாக உள்ளது. பன்றியின் பாலில் இரும்பு குறைவாக இருப்பதை இயற்கையின் பிழை என்று சிலர் எழுதுவதுண்டு. குட்டி வாழ்ந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல இடமில்லை.

மூச்சிரைப்பு நோய்

நோயின் தோற்றம் விவசாயிகளுக்குப் பழக்கமானதுதான். இரண்டு மூன்று வாரக் குட்டியின் காதும் மூக்கு நுனியும் வெளுக்கும், தோல் சுருங்கும், மயிர் சிலிர்த்து நிற்கும். சற்றே ஓடினாலும் விலா அதிர மூச்சு வாங்கும். சில குட்டிகள் திடீரென்று செத்துக் கிடக்கும். மெலிந்த குட்டிகளைவிட, ஈற்றிலேயே கொழுத்து வேகமாக வளர்ந்தவைதான் பெரும்பாலும் முதலில் விழுந்தன. வேகமாக வளர்வது வேகமாக இரும்பைச் செலவழிக்கிறது என்பது தெரியாத காலத்தில், இது விவசாயிகளை முற்றிலும் தவறான திசையில் சிந்திக்க வைத்தது.

அமெரிக்கப் பண்ணைக் கையேடுகள் இந்த மூச்சிரைப்புக்குச் சொன்ன காரணம், குட்டிகள் பாலை அதிகம் குடித்துக் கொழுப்பேறி, அசையாமல் கிடக்கின்றன என்பதே. குட்டிகளைக் கொட்டிலுக்கு வெளியே விரட்டி ஓடவிடுங்கள் என்பது அவற்றின் அறிவுரை. அந்த அறிவுரை பலனும் தந்தது! வெளியே விரட்டப்பட்ட குட்டி ஓடியதோடு மண்ணையும் தின்றது. தவறான விளக்கம் சரியான மருந்தைக் கொடுத்ததால், விளக்கத்தைச் சந்தேகிக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

ஜெர்மனியில் பிராஷ் 1890களின் தொடக்கத்திலேயே இதை இரத்தசோகை என்று விவரித்திருந்தார். இரும்புக் குறைபாட்டோடு அதைத் தெளிவாகத் தொடர்புபடுத்தியது ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மெக்கோவனும் கிரைட்டனும் 1923இல் வெளியிட்ட கட்டுரை. அதே பத்தாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் டாயில் குழுவினர் கொட்டிலில் அடைபட்ட குட்டிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தனர். விஸ்கான்சினில் ஹார்ட், எல்வேஜெம் குழுவினர் 1928இல் எலிகளைக் கொண்டு, ஈமோகுளோபின் உருவாக இரும்போடு சிறிதளவு செம்பும் தேவை என்று காட்டி, 1930இல் பன்றிக்குட்டிகளின் இரத்தசோகையைத் தடுக்கும் வழிகளை வெளியிட்டனர்.

இதற்கிடையே கொட்டில்கள் மாறிக்கொண்டிருந்தன. குளிர்காலத்திலும் குட்டி ஈனச் செய்வதற்கும் நோயைத் தடுப்பதற்கும் கழுவித் துடைக்கக்கூடிய சிமென்ட் தளங்கள் வந்தன. உருளைப்புழுத் தொல்லை அன்று பெரிய இழப்பு. 1920களில் அமெரிக்காவில் பரவிய மெக்லீன் கவுன்டி முறை, ஈனும் அறையைக் கொதிநீரால் தேய்த்துக் கழுவி, தாய்ப்பன்றியின் மடியையும் கழுவிய பின்பே உள்ளே விடச் சொன்னது. அந்த முறை குட்டிகளைப் பிறகு தூய மேய்ச்சல் நிலத்துக்கு அனுப்பியது என்பதையும் சொல்ல வேண்டும். பிற்காலப் பண்ணைகளோ கழுவுவதை வைத்துக்கொண்டு மேய்ச்சலை விட்டுவிட்டன. புழு முட்டையோடு இரும்பும் வெளியேறியது.

அன்னபேதியும் புல்கட்டியும்

காரணம் தெரிந்ததும் எளிய மருத்துவமே முதலில் வந்தது. பன்றி மேயாத இடத்திலிருந்து புல்லோடு வெட்டிய மண்கட்டிகளைக் கொட்டிலுக்குள் போட்டார்கள். அன்னபேதிக் கரைசலைத் தாயின் மடியில் தடவினார்கள். குட்டி பால் குடிக்கும்போது அதையும் நக்கும். குட்டியின் வாயில் இரும்புக் களிம்பையோ மாத்திரையையோ வைத்தார்கள். எல்லாமே வேலை செய்தன, ஆனால் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். மண்கட்டியைத் தினமும் சுமக்க வேண்டும். மடியில் மீண்டும் மீண்டும் தடவ வேண்டும். பத்துக் குட்டியில் எது எவ்வளவு நக்கியது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

தாய்க்கே இரும்பை ஊட்டினால் என்ன என்ற கேள்வி இயல்பானது. தாயின் தீவனத்தில் இரும்பைக் கூட்டினாலும் பாலில் அது குறிப்பிடத்தக்க அளவு உயர்வதில்லை. கருவிலிருக்கும் குட்டிக்கும் அதிகம் சேர்வதில்லை. ஆனால் தாய்க்கு மிகுதியான இரும்பு கொடுத்த சில சோதனைகளில் குட்டிகள் தேறின. தாயின் சாணத்தை அவை தின்றதே காரணம் எனப் பின்னர் விளங்கியது.

ஊசி

சாதாரண இரும்பு உப்பைத் தசையில் ஊசியாகப் போட்டால் அது நச்சு. இங்கிலாந்தில் பெங்கர் ஆய்வகம் 1950களின் தொடக்கத்தில் இதற்கு விடை கண்டது. சர்க்கரைக் கரைசலில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் டெக்ஸ்டிரான் என்ற பொருளோடு இரும்பைப் பிணைத்தால், உடல் அதை மெதுவாகப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தும். மனிதர்களுக்கும் பன்றிக்குட்டிகளுக்கும் இது ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தது. ரெடிங் அருகே ஷின்ஃபீல்டில் பார்பர், பிரௌட், மிட்செல் ஆகியோர் செய்த குட்டிச் சோதனைகள் 1955இல் வெளியாயின. ஒரே ஊசியில் பால்குடிக் காலம் முழுவதுக்கும் இரும்பு கிடைத்தது. சில ஆண்டுகளில் மண்கட்டி மறைந்தது. என் கணிப்பில், கான்கிரீட் கொட்டிலுக்குள்ளேயே முழு ஈற்றையும் வளர்க்கும் இன்றைய முறை இந்த ஊசியின்றி இவ்வளவு எளிதாகப் பரவியிருக்காது.

சிக்கல்கள் பின்தொடர்ந்தன. 1959இல், அதிக அளவில் இந்த மருந்து செலுத்தப்பட்ட எலிகளுக்கு ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வந்ததாக ரிச்மண்ட் அறிவித்தார். மனித மருந்து சில காலம் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டுத் திரும்பியது. தொடையில் போட்ட ஊசி இறைச்சியில் கறை விட்டதால் கழுத்துக்கு இடம் மாற்றப்பட்டது. இவற்றைவிடக் கடுமையானது, ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே சில ஈற்றுகள் முழுவதும் மடிந்த நிகழ்வு. வைட்டமின் ஈ குறைந்த குட்டிகளுக்கு இரும்பைத் தாங்கும் திறன் குறைவு என்பதை ஸ்வீடனின் லன்னெக் குழுவினர் 1962இல் காட்டினர். கட்டற்ற இரும்பு உயிரணுச் சவ்வின் கொழுப்பைத் தாக்குகிறது. அதைத் தடுப்பது வைட்டமின் ஈ.

2000ஆம் ஆண்டையொட்டி ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கண்டறியப்பட்டபோது இன்னொரு கேள்வி எழுந்தது. உடலில் இரும்பு மிகும்போது கல்லீரல் இதைச் சுரந்து, குடல் இரும்பை உறிஞ்சுவதையும் சேமிப்பிலிருந்து இரும்பு வெளிவருவதையும் தடுக்கிறது. ஒரே நாளில் பெரிய அளவு இரும்பைச் செலுத்துவது இந்தத் தடையையே தூண்டிவிடுகிறது என்று போலந்தின் லிபின்ஸ்கி குழுவினர் 2010இல் காட்டி, சிறு அளவுகளாகப் பிரித்துக் கொடுப்பதைப் பரிந்துரைத்தனர். மறுபுறம், இன்றைய இனங்கள் 1950களின் குட்டிகளைவிட வேகமாக வளர்வதால் பால் மறக்கும் நேரத்தில் 200 மில்லிகிராம் போதாமல் போகிறது. அங்கும் முதலில் குறைபாட்டுக்கு ஆளாவது ஈற்றின் பெரிய குட்டிகளே. இரண்டாவது ஊசி போடும் பண்ணைகள் இப்போது உண்டு.