படத்திலுள்ள எழுத்துகள்

தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில் சாந்தோம் கோயிலுக்குள் நண்பர் ஒருவரோடு நின்றிருந்தேன். சிலுவைப் பாதையின் 14 நிலைகள். வயதான பெண்மணி ஒருத்தி ஒவ்வொரு நிலையின் முன்னும் நின்று, ஏதோ முணுமுணுத்து, எட்டிய மட்டும் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்ததற்கு நகர்ந்தாள். 'படிக்காதவர்களின் வேதம்' என்றார் நண்பர். போப் கிரகோரி காலத்திலிருந்து, அதாவது கி.பி. 600 வாக்கிலிருந்து, வழங்கிவரும் பேச்சு இது. சௌகரியமான பேச்சும்கூட.

1593-இல் ஆண்ட்வெர்ப்பில் வெளிவந்த ஜெரோம் நடாலின் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் இது தலைகீழாகிறது. பரோக் யுகத்தின் வாசலில் நிற்கும் புத்தகம் அது. 153 செப்புத்தகட்டுப் படங்கள். பெரும்பகுதியைச் செதுக்கியவர்கள் வீரிக்ஸ் சகோதரர்கள். கீழே விளக்கம் லத்தீனில். உத்தேசித்த வாசகர்கள் சேசு சபையின் மாணவர்கள், பாமரர் அல்ல. படத்தினுள்ளேயே ஏ, பி, சி என்று எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். கண் அந்த வரிசையில் போகவேண்டும். பிறப்புக் காட்சியில் ஏ என்பது குழந்தை அல்ல, பெத்லகேம் நகரம். பி, வரி செலுத்தும் இடம். குகை அதற்குப் பிறகுதான். (கவுண்டரில் உட்கார்ந்து பிழைப்பவனுக்கு அந்த பி-யைச் சுலபமாகத் தாண்ட முடிவதில்லை.) நாசரேத்திலிருந்து வரும் பாதை மேடா பள்ளமா, குகை பெரிதா சிறிதா என்று மனத்தில் கட்டிப் பார்க்கச் சொன்னவர் இஞ்ஞாசியார். அந்தப் பயிற்சியைத் தாளில் இறக்கியதுதான் நடால் செய்த காரியம். இந்தப் படம் வழிபடுவதற்கில்லை, படிப்பதற்கு.

இந்தியாவுக்கு இவ்வகைப் படங்கள் வந்தபோது நடந்தது வேறு. 1580-இல் ஃபதேபூர் சிக்ரியில் சேசு சபையினர் அக்பருக்குப் பல மொழி பைபிளின் 7 பாகங்களைக் கொடுத்தார்கள். அவர் அவற்றை முத்தமிட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டதாக, அந்தக் குழுவைச் சேர்ந்த மான்செராத்தே எழுதிவைத்தார். அரசவை ஓவியர்களுக்கோ துணியின் மடிப்பும் நிழலும் தூரமும் வேண்டியிருந்தன. அபுல் ஹசன் 1600-இல், தன் 13-ஆம் வயதில், டியூரர் 1511-இல் செதுக்கிய சிலுவைக் காட்சியிலிருந்து யோவானை மட்டும் வரைந்தான். சிலுவை இல்லை. யாரை நோக்கிக் கைகளைக் கோத்துத் துயரப்படுகிறார் என்பது படத்தில் கிடையாது. துயரம் மட்டும் இருக்கிறது. இதை 'மேற்கின் தாக்கம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் நம் விமர்சனச் சோம்பலை என்னால் ஏற்க முடியவில்லை. பையன் எதை விட்டான் என்பதல்லவா கேள்வி?

சீனத்தில் 1637-இல் அலேனி, நடாலைப் பின்பற்றி மரக்கட்டை அச்சில் ஒரு நூல் போட்டார். அங்கே எழுத்துகள் தொலையவில்லை. ஏ, பி-க்குப் பதில் சீன வரிசைக் குறிகள் ஏறின. படிக்கும் முறையே கப்பலேறிப் போயிருக்கிறது. முகலாய அவைக்குப் போய்ச் சேர்ந்தது உருவம்.

சாந்தோம் பெண்மணியை எதில் சேர்ப்பது? அவள் கால்கள் எண் வரிசையை விட்டு விலகவில்லை. ஒவ்வொரு நிலையிலும் நின்ற நேரம் ஒரே அளவாக இல்லை. ஆறாவதில், வெரோனிக்கா முகம் துடைக்கும் இடத்தில், வெகுநேரம் நின்றாள். கைமட்டும் அக்பருடையது. படிக்காதவள் என்று நண்பர் எதை வைத்துச் சொன்னாரோ. கேட்கலாமென்று திரும்பினேன், அவர் அதற்குள் வெளியே போய்க் கடற்கரைப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்.