‘ஷேபா அரசி’யின் முதுகு

ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலும் கார்பன் இழைக்கு மூலமான இழையும் ஒரே குடும்பம். அந்த மூல இழையைக் காற்றில் 200, 300 டிகிரியில் வாட்டி, பிறகு காற்றில்லாத உலையில் 1000 டிகிரிக்கு மேல் கருக்கினால் கார்பன் இழை. ஜப்பானின் டோரே நிறுவனம் அதில் எப்பாக்ஸி பிசினை ஏற்றி நாடாவாக்கியது. பிசின் வழியிலேயே இறுகிவிடாதிருக்க நாடா உறைகுளிரில் பயணித்தது. அமெரிக்காவில் வட சார்ல்ஸ்டனின் போயிங் ஆலையில் சுழலும் அச்சின்மேல் அதை அடுக்கடுக்காகச் சுற்றி, அழுத்த உலையில் சுமார் 180 டிகிரியில் இறுக்கினார்கள். 787 விமானத்தின் பின்னுடல் தயார்.

அப்படிப் பிறந்த ஒன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் ‘ஷேபா அரசி’க்குப் போனது. பேட்டரிக் கோளாறால் உலகெங்கும் முடக்கப்பட்ட 787கள் 2013 ஏப்ரலில் மறுபடி பறந்தபோது, முதலில் பயணிகளை ஏற்றியது இந்த விமானம்தான். ஜூலை 12 அன்று லண்டன் ஹீத்ரோவில் ஆளில்லாமல் நின்றபோது அதில் தீ மூட்டியதும் ஒரு பேட்டரியே. ஆனால் இது வேறு, சின்னது: விபத்து நடந்தால் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அவசர அலைபரப்பிக்குள் இருந்தது. மூடிக்கடியில் சிக்கி நசுங்கிய வயர்கள் ஷார்ட் ஆகியிருக்கின்றன.

புகையைக் கண்டவர் கட்டுப்பாட்டுக் கோபுர ஊழியர். உள்ளே போன தீயணைப்பு வீரர் ஹாலான் என்ற தீயணைப்பு வாயுவை அடித்தும் பலனில்லை. கூரைப் பலகையைப் பெயர்த்துத் தண்ணீர் பீய்ச்ச வேண்டியிருந்தது. பேட்டரி ஓய்ந்த பிறகும் தீ மெல்ல ஊர்ந்ததற்குக் காரணம், பின்னுடலின் பிசினே விறகானதுதான்.

இழைக்கு அந்தச் சூடு பெரிதல்ல. பிசின்தான் பலவீனம். ஒரு வெப்பநிலையைத் தாண்டினால் அது இளகும். ஈரம் உறிஞ்சியிருந்தால் இன்னும் சீக்கிரம். இழுவிசையை இழைகள் ஓரளவு தாங்கிக்கொள்ளும். அமுக்கினால்தான் சிக்கல்: கட்டு தளர்ந்த விளக்குமாற்றில் ஈர்க்குகள் வளைவதுபோல், பிடிமானமில்லாத இழைகள் மடங்கும். ஆகவே இத்தகைய புதிய பொருளைச் சோதிக்கும்போது, ஈரமேற்றிச் சூடாக்கிய மாதிரிகளையும் நசுக்கிப் பார்க்கிறார்கள்.

வால்துடுப்புக்கு முன்னால் பெயின்ட் கொப்பளித்த இடம் எல்லோர் கண்ணிலும் பட்டது. எனக்கு அதைவிட அச்சமூட்டுவது அதன் ஓரம். கருகாமல் பளபளக்கும் பகுதியிலும் வலு குறைந்திருக்கலாம். தொடக்கநிலை வெப்பச் சேதத்தை மீயொலிச் சோதனைகூடத் தவறவிடும். எங்கே வெட்டுவது என்பதே பழுதுபார்ப்பவரின் தலைவலி. ஹீத்ரோவிலேயே அதைச் செய்து முடித்தார்கள். டிசம்பரில் ‘ஷேபா அரசி’ மறுபடி பறந்தது.