மேடான் என்றால் திடல்

மலாயில் ‘மேடான்’ என்றால் திடல். நம்முடைய ‘மைதான’த்துக்கும் அதற்கும் பாரசீகத்தில் ஒரே வேர் என்பார்கள். போர்க்களத்துக்கும் மலாயில் அதே சொல்தான்: மேடான் பெராங். கம்போங் மேடானில் வளர்ந்த எனக்கு இந்த இரண்டாவது பொருள்தான் முதலில் தெரியும். 2001 மார்ச்சில் எங்கள் வட்டாரத்தில் நடந்த இனக் கலவரத்தில் ஆறு பேர் செத்துப்போனார்கள். நாற்பது பேருக்கும் மேல் காயம். அதைப் பற்றி கா. ஆறுமுகம் தமிழில் எழுதிய ‘மார்ச் 8’ என்ற நூலை அரசாங்கம் தடை செய்தது.

கம்போங் மேடான் இருப்பது பெட்டாலிங் ஜெயாவில். அந்த ஊர்ப் பெயரோடு ஓர் அணி மலேசியாவின் சூப்பர் லீக்கில் ஆடியது. அதன் 2021 சீசனை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அணியின் பழைய பெயர் மிஃபா. மலேசிய இந்தியக் கால்பந்து சங்கத்தின் அணி. கீழ்மட்ட லீக்கிலிருந்து ஏறி 2017இல் பிரிமியர் லீக்குக்கு வந்தது. 2019இல் சூப்பர் லீக்குக்குப் போனபோது ‘பெட்டாலிங் ஜெயா சிட்டி’ ஆனது. பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “நம்ம பேர்ல ஒரு டீமு இருந்துச்சு, அதையும் மாத்திட்டானுங்க” என்றார்.

அவர் கோபத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1972 முனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் எம். சந்திரன் இருந்தார். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோல் காத்தவர் ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகம். சோவியத் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா மாஸ்கோவைப் புறக்கணித்தது, அணி போகவே இல்லை. 1988இல் கார் விபத்தில் ஆறுமுகம் இறந்தார். ‘ஓலா போலா’ படத்தில் வரும் கோல்கீப்பர் முத்துவைப் பார்த்தபோது பெரியப்பா அழுதுவிட்டார்.

அவர் தலைமுறை பந்து பழகியது தோட்டத்துத் திடலில். கோயில், தமிழ்ப்பள்ளி, பக்கத்தில் ஒரு திடல். சாயங்காலம் வேலை முடிந்ததும் பெரியவர்கள் ஆடுவார்கள், சின்னவர்கள் வெளியே போகும் பந்தைப் பொறுக்குவார்கள். பயிற்சி என்றால் அதுதான். தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது சனங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் பிறகு அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள். திடல் கூட வரவில்லை. கம்போங் மேடானில் நாங்கள் ஆடியது கார் நிறுத்துமிடத்தில். பந்து கண்ணாடியில் பட்டால் ஓட வேண்டும்.

இப்போது 2021. மற்ற அணிகள் பிரேசிலிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆட்களை இறக்கியிருந்தன. பெட்டாலிங் ஜெயா சிட்டியில் ஒரு வெளிநாட்டு வீரர்கூட இல்லை. பயிற்றுநர் பி. மணியம். வழக்கமாக கோல் அடிக்கும் இடத்தையும் தற்காப்பின் நடுவையும் வெளிநாட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு உள்ளூர்ப் பையன்களை பெஞ்சில் உட்கார வைப்பார்கள். இங்கே எல்லா இடத்தையும் உள்ளூர்க்காரர்களே நிரப்ப வேண்டியிருந்தது. ஆர். கோகிலேஸ்வரன், கே. குருசாமி, இங்கிலாந்தில் பிறந்து வந்த டேரன் லோக், இவர்களோடு மலாய்க்கார வீரர்கள். ‘இந்தியர் டீம்’ என்று பெரியப்பா நினைத்ததில் பாதிதான் உண்மை.

கோவிட் காலம். அரங்கம் கிளானா ஜெயாவில், எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஆனாலும் டிவியில்தான் பார்த்தோம். பன்னிரண்டு அணிகள், ஆளுக்கு 22 ஆட்டம். இந்த அணி கீழே போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். சீசன் முடிவில் கீழே இறங்கியவை பேராக்கும் யுஐடிஎம்மும். பழம்பெரும் பேராக் இறங்க, நம் பையன்கள் தங்கினார்கள். கோப்பை இல்லை, ஊர்வலம் இல்லை. தங்கினார்கள், அவ்வளவுதான்.

ஒரே ஜெர்சி போட்டதால் 2001க்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். செத்தவர்களின் வீட்டில் அந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பெயர் மாற்றத்தில் பெரியப்பா இழப்பைப் பார்த்த இடத்தில் எனக்கு வேறொன்று தெரிந்தது. கலவரம் நடந்த ஊரின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு தமிழனும் மலாய்க்காரனும் ஒருவனுக்கொருவன் பந்து கொடுத்தார்கள். இந்த ஊர் எங்களுடையதும்தான் என்று எனக்கு முதன்முறை தோன்றியது அப்போதுதான்.

2022 சீசன் முடிந்ததும் அணி சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. பெரியப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “டீமு போனா இன்னொன்னு வரும்யா. பசங்க வெளாட எடம் எங்க இருக்கு?” என்றார்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஜோடிச் செருப்புகள்தான் கோல் கம்பம்.