வோக்கி டோக்கி வாங்க முன் கொஞ்சம் வரலாறு

கடலுக்குப் போகும் தம்பிமாரும் வயல் பார்ப்பவர்களும் எந்த வோக்கி டோக்கி நல்லது என்று எங்களிடம் கேட்கிறார்கள். பெட்டியில் அச்சடித்த கிலோமீற்றர் கணக்கை நம்பி வாங்க வேண்டாம். ஏன் என்பதை வரலாறே சொல்லும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினரிடம் மோட்டோரோலாவின் இரண்டு கருவிகள் இருந்தன. கையில் பிடிப்பது எஸ்.சீ.ஆர். 536. எடை இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். தரையில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றரும் நீரின் மேல் ஐந்து வரையும் எட்டும். முதுகில் சுமப்பது எஸ்.சீ.ஆர். 300. எடை ஏறத்தாழ 16 கிலோ. தரையிலும் அதிக தூரம் எட்டும். "வோக்கி டோக்கி" என்று முதலில் அழைக்கப்பட்டது இதுதான். கையில் பிடித்தது "ஹேண்டி டோக்கி".

அன்றும் இன்றும் கைக்கருவி கிட்டிய தூரத்துக்கே. இன்றைய கருவிக்கு மேடும் கட்டடமும் தடை. நாம் பாவிக்கும் இடத்திலேயே பேசிப் பார்த்து வாங்குவோம்.

அலைவரிசையும் முக்கியம். ஐரோப்பாவில் உரிமமின்றிப் பேசுவது 446 மெகாஹேட்ஸில், அமெரிக்காவில் 462, 467இல். அங்கே ஆகுமானது இங்கும் ஆகும் என்றில்லை. நமக்கு 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து யாரும் கொண்டுவர முன் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேளுங்கள்.

2004 சுனாமியில் தொலைபேசி செத்துக் கிடந்தபோது ஹம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைத்தவர்கள் அமெச்சூர் வானொலியாளர்கள். அவர்கள் எடுத்தது கைக்கருவியை அல்ல, தூரம் போகும் சிற்றலையை. எந்தக் கருவி எதுவரை எட்டும் என்று தெரிந்திருந்தார்கள். நாமும் தெரிந்து வாங்குவோம்.