தங்கிய வீடும் பார்த்த ஊரும்: காவிரிக்கரையின் இரு களப்பணிகள்

பண்புசார் ஆய்வில் இறங்கும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை பேரைப் பேட்டி எடுத்தால் போதும்?" என்பதுதான். இருபதா முப்பதா, குரல்பதிவு வேண்டுமா, வினாநிரலில் எத்தனை கேள்வி என்று பேச்சு அப்படியே கருவிகளின் பக்கம் போய்விடுகிறது. இவற்றுக்கெல்லாம் முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஊருக்குள் போனால் எந்தத் தெருவில் தங்கப்போகிறீர்கள்? யாருடைய திண்ணையில் உட்காரப்போகிறீர்கள்?

இது தங்குமிட ஏற்பாட்டைப் பற்றிய சில்லறைக் கேள்வி அல்ல என்பதற்கு இந்தியச் சமூகவியலின் இரண்டு பெரும் களப்பணிகளே சான்று. ஒன்று, எம்.என். ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூர்ப் பகுதியில் 'ராம்புரா' என்ற ஊரில் செய்தது. மற்றொன்று, அவருடைய மாணவர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்தில் 'ஸ்ரீபுரம்' என்ற ஊரில் செய்தது. இரண்டு பெயர்களுமே ஊராரின் அடையாளத்தைக் காக்க வைத்த மாற்றுப்பெயர்கள். இரண்டும் காவிரிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்கள். இருவரும் மாதக்கணக்கில் ஊரிலேயே தங்கி, ஊராரின் மொழியில் பேசி, கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தவர்கள். ஆனாலும் இருவர் கையில் சேர்ந்த தகவல்கள் வேறு. விட்டுப்போனவை மட்டும் ஏறக்குறைய ஒரே பக்கத்தில் இருந்தன.

கேள்வியோடு போனவரும் கேள்வி தேடிப் போனவரும்

ஸ்ரீநிவாஸ் பம்பாயில் குர்யேயிடமும், பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் ராட்கிளிஃப்-பிரவுன், இவான்ஸ்-பிரிட்சர்டு ஆகியோரிடமும் பயின்றவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியர் பணி கிடைத்ததும் அவர் முதலில் செய்தது, களப்பணிக்காக மைசூருக்குத் திரும்பியது. குறுகலான ஒரு கருதுகோளை நிறுவிக் காட்டுவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. பல சாதிகள் கூடி வாழும் ஓர் ஊர் எப்படி இயங்குகிறது என்பதை முழுமையாகப் பார்க்க விரும்பினார். உழவு, உறவுமுறை, திருவிழா, கடன், பகை எதையும் அவர் ஒதுக்கவில்லை. தம் முன்னோரின் ஊர் அருகிலேயே இருந்ததால், ராம்புராவைத் தேர்ந்ததில் பாசத்துக்கும் பங்குண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

பெத்தேய் வேறு வகை. பிரெஞ்சுத் தந்தைக்கும் வங்காளித் தாய்க்கும் 1934இல் சந்தன்நகரில் பிறந்தவர். தமிழைக் கற்றுக்கொண்டு வந்தவர். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் ஓர் ஊரில் ஒன்றின்மேல் ஒன்றாக எப்படிப் படிந்திருக்கின்றன, இப்போது எப்படிப் பிரிகின்றன என்ற தெளிவான கேள்வி அவர் கையில் இருந்தது. அக்ரகாரம், குடியானத் தெரு, சேரி என்று மூன்றாகப் பிரிந்து கிடந்த ஸ்ரீபுரம் அந்தக் கேள்விக்கு ஏற்ற களம்.

கேள்வியின் கூர்மை வேறுபட்டதால் விளைச்சலும் வேறுபட்டது. ராம்புராவின் அன்றாடத்திலிருந்துதான் 'ஆதிக்கச் சாதி' என்ற கருத்து வலுப்பெற்றது. அங்கே உழவர் சாதியான ஒக்கலிகர் சடங்கு வரிசையில் உச்சியில் இல்லை. ஆனால் நிலமும் ஆள்பலமும் அவர்களிடம் இருந்ததால் ஊர் அவர்கள் சொல்படி நடந்தது. 1959இல் ஸ்ரீநிவாஸ் இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார். பெத்தேயோ கொண்டுபோன கருத்துகளை ஸ்ரீபுரத்தில் உரசிப் பார்த்தார். மிராசுதார், குத்தகைதாரர், பண்ணையாள் என்ற நிலவுறவு, பஞ்சாயத்து, கட்சி அரசியல் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். அதிகாரம் அக்ரகாரத்தைவிட்டு நகர்ந்து, பிராமணரல்லாதார் கைக்கு வந்துகொண்டிருப்பதைக் காட்டினார். 1965இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் தஞ்சையைப் பற்றிப் பேசுவோர் தவிர்க்க முடியாதது.

இரண்டு வழிகளில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்வது வீண். விரிந்த பார்வையோடு போகிறவர் எதிர்பாராததைக் காண்பார். ஆனால் குவிந்துகிடக்கும் தகவலில் திணறுவார். கூரிய கேள்வியோடு போகிறவர் சீக்கிரம் எழுதி முடிப்பார்; அந்தக் கேள்விக்கு வெளியே இருப்பது அவர் கண்ணில் படாமலே போகலாம். ஆய்வைத் திட்டமிடும்போதே நாம் எந்த இழப்பை ஏற்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மாட்டுக் கொட்டிலும் அக்ரகாரமும்

ராம்புராவில் ஸ்ரீநிவாஸ் தங்கியது ஊர்த்தலைவரின் காளைகள் கட்டும் வீட்டில். களப்பணியாளருக்கு அது அருமையான இடம். வேலையாட்கள் வருவார்கள், வழக்குக் கொண்டுவருவோர் வருவார்கள், தலைவரைப் பார்க்க வெளியூர்க்காரர்களும் வருவார்கள். அவர் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க, ஊரே அந்த வழியாகப் போய் வந்தது. ஆனால் அது ஆண்கள் புழங்கும் இடம், நிலமுள்ளவரின் இடம். பெண்களின் உலகம் அங்கிருந்து எட்டவில்லை. தலைவரின் விருந்தாளி என்ற முத்திரையோடுதான் அவர் எந்தத் தெருவுக்கும் போக முடிந்தது.

அவரே பிராமணர் என்பதால் ஊர் அவரிடம் பிராமண ஒழுக்கத்தையும் எதிர்பார்த்தது. குளித்த பிறகு முகச்சவரம் செய்துகொண்டதற்குக்கூட அவர் தலைவரின் கண்டிப்புக்கு ஆளாக நேர்ந்தது. சிறு நிகழ்ச்சிதான். ஆனால் "இங்கே தீட்டு எப்படிப் பார்க்கப்படுகிறது?" என்று நேராகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் விடையைவிட, இந்த ஒரு கண்டிப்பு அதிகம் சொல்கிறது. விதி மீறப்படும்போதுதான் அது இருப்பது தெரிகிறது. ஊர்ச் சச்சரவுகளை ஸ்ரீநிவாஸ் அவ்வளவு மதித்ததும் இதனால்தான். சண்டை வந்தால் யார் யார் பக்கம் நிற்கிறார்கள், எந்தப் பழைய கணக்கு வெளியே வருகிறது என்பவை எந்தப் பேட்டியிலும் கிடைக்காத தகவல்கள்.

ஸ்ரீபுரத்தில் பெத்தேய் தங்கியது அக்ரகாரத்தில். வெளிநாட்டுப் பெயர் கொண்ட ஒருவரை அக்ரகாரம் ஏற்றுக்கொண்டதே பெரிய திறப்பு. அங்கே ஆங்கிலம் தெரிந்தவர்கள் உண்டு. பேச நேரமுள்ளவர்கள் உண்டு. அக்ரகாரத்தின் உள்வாழ்க்கை அவருக்கு நெருக்கமாகப் புரிந்தது. அதே வீடுதான் மற்ற இரண்டு பகுதிகளுக்கும் இடையில் சுவராக எழுந்தது. அக்ரகாரத்தில் குடியிருப்பவர் சேரிக்குச் சகஜமாகப் போய்வர முடியாது. சேரியிலிருந்து ஒருவர் வந்து அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசவும் முடியாது. பிராமணரல்லாதார் பற்றிய, குறிப்பாக ஆதி திராவிடர் பற்றிய தகவல்கள் தம்மிடம் அவ்வளவு செறிவாக இல்லை என்பதை பெத்தேய் தம் நூலிலேயே எழுதிவிட்டார்.

ஒருவர் ஊர்ப்பக்கத்து மனிதர், மற்றவர் முழுக்க வெளியாள். ஆனாலும் இருவருமே கடைசியில் மேல்தெருவின் சாளரம் வழியாகவே ஊரைப் பார்த்தார்கள். 'உள்ளாள்', 'வெளியாள்' என்ற வகைப்பாட்டை நாம் வகுப்பறையில் பெரிதாகப் பேசுகிறோம். இந்த இரண்டு ஊர்களும் சொல்வது வேறு: ஆய்வாளர் எங்கிருந்து வந்தார் என்பதைப் போலவே, யாருடைய அனுமதியால் உள்ளே நுழைந்தார் என்பதும் தகவலைத் தீர்மானிக்கிறது.

குறிப்புகளின் கதி

சேர்த்த தகவல் என்னவானது என்பதிலும் இருவர் வழியும் பிரிகிறது. களப்பணி முடிந்த சில ஆண்டுகளிலேயே பெத்தேயின் நூல் வந்துவிட்டது. ஸ்ரீநிவாஸ் 18 ஆண்டுகளாகத் தம் குறிப்புகளைப் பகுத்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். 1970 ஏப்ரல் 24 அன்று, கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் பணிபுரிந்த ஆய்வு மையத்தில் சிலர் தீ வைத்தனர். அந்தப் பகுத்த குறிப்புகள் மூன்று படிகள் இருந்தன. மூன்றும் அங்கே அவருடைய ஒரே அறையில் இருந்ததால் தீக்கு இரையாயின. சோல் டாக்ஸ் என்ற மானிடவியலாளர், நினைவிலிருந்தே எழுதலாமே என்று ஊக்கப்படுத்தினார். 1976இல் 'நினைவில் நின்ற கிராமம்' என்று பொருள்படும் பெயரில் ஆங்கிலத்தில் அந்த நூல் வந்தது.

படிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள் என்பது இதன் எளிய பாடம். மடிக்கணினி ஒன்றையே நம்பி எல்லாப் பேட்டிகளையும் அதில் வைத்திருக்கும் இன்றைய மாணவர்களுக்கும் அது பொருந்தும். அதைவிட ஆழமான பாடம் ஒன்றும் இருக்கிறது. அட்டவணைகளும் கணக்கெடுப்பும் பின்னுக்குப் போன அந்த நூலில் மனிதர்கள் முன்னுக்கு வந்தார்கள். ஊர்த்தலைவரின் கம்பீரமும் தந்திரமும், தகவல் தந்து உதவியவரின் ஆசைகளும் உயிரோடு நின்றன. ஆண்டுக்கணக்கில் நினைவில் தங்கியவை அந்த மனிதர்களே. ஆனால் நினைவும் ஒரு வீட்டிலிருந்துதான் பார்க்கிறது. நெருங்கிப் பழகியவர் முகம் தெளிவாகவும், எட்ட நின்றவர் முகம் மங்கலாகவுமே அதில் பதியும். தம் பார்வை மேல்சாதிப் பக்கம் சாய்ந்திருந்ததை ஸ்ரீநிவாஸும் ஒப்புக்கொண்டவரே.

ஒப்புதலுக்கு அப்பால்

இருவரின் நேர்மையும் போற்றத்தக்கது. களப்பணியின் இடர்களைப் பெத்தேய் தனிக் கட்டுரையாகவே எழுதினார்; டி.என். மதனுடன் சேர்ந்து, களப்பணியாளர்களின் சொந்த அனுபவங்களை 1975இல் தொகுப்பாகவும் கொண்டுவந்தார். தாம் உட்கார்ந்த இடத்தைச் சொல்லிவிட்டுப் பேசுவது அவர்கள் நமக்குத் தந்த நல்ல மரபு.

ஆனால் அந்த ஒப்புதலோடு நாம் நின்றுவிடக் கூடாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட சேரி மக்கள் அவர்கள். ஸ்ரீபுரம் வேறு ஊர். ஓர் ஊரின் ஆய்வில் இன்னோர் ஊரின் கொடுமைக்கு விளக்கம் தேட முடியாது. ஆனால் எந்தத் தெருவைப் பற்றிய குறிப்பு மெலிந்திருந்ததோ, அதே போன்ற தெருவில்தான் தஞ்சையின் ஆறாத காயம் விழுந்தது. தகவலில் விழும் ஓட்டை காகிதத்தோடு முடிந்துபோவதில்லை என்பதை எனக்கு இதைவிட அழுத்தமாக எதுவும் உணர்த்தியதில்லை.

ஆகவே, "தகவல் போதவில்லை" என்று முன்னுரையில் எழுதுவதோடு விடாமல், அதைக் களத்திலேயே சரிசெய்யத் திட்டமிட வேண்டும். தங்கும் காலத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்: முதல் பாதி ஒரு தெருவில், அடுத்த பாதி இன்னொரு தெருவில். மேலிருந்து கீழே போவது கடினம் என்றால், கீழ்த்தெருவிலிருந்தே தொடங்கலாம். வீட்டுக் கணக்கெடுப்பை முதலில் செய்தால், எல்லா வாசலிலும் ஒரு முறையாவது நிற்கக் காரணம் கிடைக்கும். பெண்களிடம் பெண் ஆய்வாளர் பேச வழி செய்யலாம். ஒவ்வொரு நாள் குறிப்பிலும், யார் சொன்னார் என்பதோடு எந்த இடத்தில், யார் உடனிருக்கும்போது சொன்னார் என்பதையும் எழுதினால், மாதக் கடைசியில் எந்தத் தெரு விட்டுப்போகிறது என்று நமக்கே தெரிந்துவிடும். அப்போது திருத்திக்கொள்ள நாள் மிச்சமிருக்கும்.

எத்தனை பேட்டி என்ற கேள்விக்கு அதன் பிறகு வரலாம். எல்லாத் தெருவிலும் உட்கார்ந்து எழுந்த ஒருவருக்கு அதன் விடையை ஊரே சொல்லிவிடும்.