கத்தி, துப்பாக்கி, நாட்டு வெடிகுண்டு: கையில வச்சிருந்தாலே ஜெயிலா? சட்டம் சொல்வது என்ன?

'ஆயுதத்துடன் சுற்றிய வாலிபர் கைது'. அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் பக்கம் இப்படிச் செய்தி வந்தாலே, 'எத்தனை வருஷம் உள்ள போவாங்க?' என்ற கேள்வியும் கூடவே வரும். கையில் இருந்தது எது என்பதைப் பொறுத்தே தண்டனை.

2019-ல் என்ன மாறியது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் 2019 டிசம்பரில் கடுமையாக்கப்பட்டது. மத்திய சட்டம் என்பதால் புதுச்சேரிக்கும் இதுதான். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் முன்பு 1 முதல் 3 ஆண்டு சிறை. இப்போது 2 முதல் 5 ஆண்டு. தடை செய்யப்பட்ட ரகம் என்றால் 5-10 ஆண்டு என்பது 7-14 ஆனது.

இதில் முக்கியம் குறைந்தபட்ச தண்டனைதான். நீதிபதி நினைத்தாலும் அதற்குக் கீழே எளிதாக இறங்க முடியாது. சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும். நடிகர் சஞ்சய் தத் வழக்கு நல்ல உதாரணம். தடா நீதிமன்றம் கொடுத்த 6 ஆண்டை 2013-ல் உச்ச நீதிமன்றம் 5 ஆண்டாகக் குறைத்தது. அன்றைய குறைந்தபட்சமே அந்த 5 ஆண்டுதான். இன்று அதே குற்றம் செய்தால் கணக்கு 7-ல் தொடங்கும். பழைய குற்றத்துக்குப் புதிய தண்டனை கிடையாது. அரசியலமைப்பின் 20-வது பிரிவு அதைத் தடுக்கிறது.

அரிவாள் வச்சிருந்தா?

வயலுக்கு எடுத்துப் போகிற அரிவாளுக்குப் பயப்பட வேண்டாம். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன பொருட்கள் 'ஆயுதம்' என்ற வரையறைக்குள் வராது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள, வேறு வேலைக்கு ஆகாத பட்டாக்கத்திதான் சிக்கல். அதற்கும் 4-வது பிரிவின் கீழ் அந்தப் பகுதிக்கு அரசு அறிவிக்கை இருக்க வேண்டும். 'ராத்திரி பைக்ல ஏன் எடுத்துட்டுப் போன?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாதபோதுதான் வழக்கு இறுகும்.

நாட்டு வெடிகுண்டு

இதற்குத் தனிச் சட்டம்: 1908-ம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டம். சந்தேகத்துக்குரிய வகையில் வைத்திருந்தாலே 10 ஆண்டு வரை சிறை. வெடித்து உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் ஆயுள் வரை போகும். ஆனால் மாவட்ட மாஜிஸ்திரேட்டின் ஒப்புதல் இல்லாமல் விசாரணையே நடத்த முடியாது. துப்பாக்கி வழக்குக்கும் ஆயுதச் சட்டத்தின் 39-வது பிரிவில் இதே போன்ற முன் அனுமதி உண்டு. தண்டனையை எவ்வளவு கூட்டினாலும், இந்தக் காகிதம் கோப்பில் இல்லையென்றால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.