கொம்புக்கு எத்தனை சுரம்?



திருவிழாக் கூட்டத்தில் ஆண்டுதோறும் எழும் பேச்சு இது: "கொம்பு எதற்கு சாமி? அதில் ஒரு பாட்டுகூட வராது. பேண்டு செட்டே போதும்."

பாட்டு வராது என்பது உண்மைதான். கொம்பில் அதிர்வது ஊதுகிறவரின் உதடு. அந்த அதிர்வில் எது நிலைக்கும் என்பதைக் குழலின் நீளம் தீர்மானிக்கிறது. அடிச்சுரம், அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறத்தாழ அந்தக் கணக்கில்தான் ஒலி தாவும், இடைச்சுரங்கள் கிடைக்கா. கொம்புபோல் வளைந்தாலும் எக்காளம்போல் நேராக நின்றாலும் இது பெரிதாக மாறாது. 1818இல் பெர்லினில் ஸ்டோல்சல், புளூமல் என்ற இருவர் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதை அழுத்தினால் காற்று கூடுதல் குழாயில் சுற்றி வரும், குழலின் நீளம் கூடும், விட்டுப்போன சுரங்களும் வரும். நம் பவனியில் மாதா பாட்டு வாசிக்கும் டிரம்பெட் அந்த வழிவந்தது.

எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் கல்லறையில் வெள்ளியில் ஒன்றும் வெண்கலத்தில் ஒன்றுமாக இரண்டு எக்காளங்கள் கிடைத்தன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. 1939 ஏப்ரலில் கெய்ரோ அருங்காட்சியகத்திலிருந்து பிபிசி வானொலி அவற்றின் ஒலியைப் பரப்பியது. ஊதியவர் ஆங்கிலேயப் படையின் பேண்டுக்காரர். இக்கால மவுத்பீஸைப் பொருத்தி ஊதினார். உலகம் வியந்து கேட்டது. ஆனால் அது இல்லாமல் ஊதினால் ஒன்றிரண்டு சுரங்களே தேறும். அதற்கு முந்தைய ஒரு முயற்சியில் வெள்ளி எக்காளம் உடைந்தே போயிற்றாம்!

பாட்டுக்காக அவை செய்யப்படவில்லை. எண்ணிக்கை நூல் 10ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மோசே செய்த வெள்ளி எக்காளங்களும் இரண்டுதான். இரண்டையும் ஊதினால் மக்கள் எல்லாரும் கூட வேண்டும். ஒன்றை மட்டும் ஊதினால் தலைவர்கள் மட்டும். அழைப்புக்கு ஏழு சுரமும் எதற்கு? தொலைவில் இருப்பவன் காதில் விழுந்தால் போதும். கொம்பின் விரிந்த வாய் அதைத்தான் செய்கிறது.

கொம்பும் தாரையும் சாவுக்கு ஊதுவது என்று முகம் சுளிப்பவர்களும் நம்மிடையே உண்டு. அந்தச் சுளிப்பு கருவியைப் பார்த்தா, ஊதுகிறவரின் தெருவைப் பார்த்தா? தகுதியுள்ள பிற இசைக்கருவிகளையும் வழிபாட்டில் ஏற்கலாம் என்று 1963லேயே வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது.

இந்த ஆண்டு கொடியேற்றத்துக்கு முன் இரண்டு கொம்புகள் ஊதச் சொல்லியிருக்கிறேன். பாட்டுக்குப் பேண்டு வழக்கம்போல் வரும்.